கேட்டாலே கடுப்பாகுற வார்த்தை எது? தருமபுரி, கிருஷ்ணகிரி ஆளுங்க வாங்க

பென்னாகரம்_ரோடு:
எல்லாருக்கும் ஒரு கேள்வி. எந்த வார்த்தைய கேட்டா உங்களுக்கு சுர்ருன்னு ஏறுது? கெட்ட வார்த்தைய சொல்லல, நல்ல வார்த்தை தான், ஆனா ஊரே பேசி பேசி தேய்ச்சி இப்ப காதுல விழுந்தாலே எந்திரிச்சி போயிடலாம்னு தோணுமே அந்த மாதிரி.

எனக்கு "வேற லெவல்". எங்க சித்தி ஒகேனக்கல்ல மீன் வறுத்து குடுக்குறாங்க, லீவு நாள்ல நானும் போய் அடுப்பு கிட்ட நிப்பேன். போன ஆடிப்பெருக்கு கூட்டத்துல ஒரு யூடியூப் தம்பி வந்தான். ஒருத்தன் கேமரா புடிக்க இவன் கட்லா துண்டு ஒன்னு வாயில போட்டு கண்ண மூடி தலைய ரெண்டு ஆட்டு ஆட்டிட்டு "வேற லெவல்" அப்டின்னான். சித்திக்கு அன்னிக்கு மொளகாத்தூள் புதுசு, நெசமாவே தெரிஞ்சிக்கணும்னு "காரம் சரியா இருக்கா தம்பி"ன்னு கேட்டாங்க. "வேற லெவல்க்கா". "உப்பு?" "உப்பு வேற லெவல்க்கா". சித்தி என்ன திரும்பி பாத்து "நல்லாருக்குன்றானா இல்லன்றானாடா இவன்"னு கேட்டாங்க, நான் என்னத்த சொல்ல. அந்த வீடியோல சித்தி பேசுனத எல்லாம் வெட்டிட்டான், தலையாட்டுனது மட்டும் ஸ்லோ மோஷன்ல ஓடுது.

ரெண்டாவது "தென்னிந்தியாவின் நயாகரா". நோட்டீஸ்ல இருந்து ஸ்கூல் பசங்க கட்டுரை வரைக்கும் ஒகேனக்கல்னு எழுதுறதுக்கு முன்னாடி கை தானா அத எழுதிடுது. கேரளாக்காரன் அதிரப்பள்ளிய இந்தியாவின் நயாகரான்றான், சத்தீஸ்கர்ல சித்ரகோட் அருவியும் இந்தியாவின் நயாகரா தானாம். ஒரே பேர எத்தன பேருக்கு தான் வைப்பீங்க. நயாகரால பாறை மேல குப்புற படுக்க வச்சி எண்ணெய் தேச்சி விடுவாங்களா? பரிசல்ல கூட்டிட்டு போய் சுத்தி விடுவாங்களா? நம்ம ஊருக்கு நம்ம ஊரு பேரே போதும்யா.

உங்க லிஸ்ட்ட சொல்லுங்க.

பாலக்கோடு_தக்காளி:
அண்ணா கரெக்டான நேரத்துல கேட்டீங்க. எனக்கு பேப்பர்காரங்க மேல தான் கோவம். "விவசாயிகள் வேதனை". இத படிச்சா எனக்கு நெசமாவே வேதனையா இருக்கு.

தக்காளி விலை எறங்குனா "வரத்து அதிகரிப்பால் விலை வீழ்ச்சி, விவசாயிகள் வேதனை". ஏறுனா "தக்காளி விலை கிடுகிடு உயர்வு, இல்லத்தரசிகள் அதிர்ச்சி". ஏறும்போது நாங்க சந்தோஷப்பட்டோமான்னு ஒருத்தனும் எழுதல பாருங்க, எங்களுக்கு வேதனை மட்டும் தான் அலாட் பண்ணி இருக்காங்க. இல்லத்தரசி அதிர்ச்சியாவா, நாங்க வேதனைப்படுவோம், போலீஸ்காரங்க வலைவீசி தேடுவாங்க, அவ்ளோ தான் ஒரு நாள் பேப்பர்.

2025-ல மாங்கா சீசன்ல பெங்களூரா கிலோ 5 ரூபா வாக்குல எறங்கிச்சே, பறிக்குற கூலிக்கே கட்டலன்னு மரத்துலயே விட்டாங்க எங்க மாமா ஊர்ல. அன்னிக்கும் அதே தலைப்பு தான். பெங்களூரா பெரும்பாலும் கூழ் ஃபேக்டரிக்கு போற காய், வீட்ல வாங்கி திங்குறவங்க கம்மி, ஃபேக்டரி எடுக்கலன்னா வேற போக்கிடம் இல்ல, அத நாலு வரி எழுதுனா படிக்கிறவனுக்கு ஒன்னு புரியும். வேதனைன்னு போட்டுட்டா எழுதுறவனுக்கு வேலை முடிஞ்சிடுது.

அப்புறம் ஒவ்வொரு செய்தி கடைசிலயும் "என்பது குறிப்பிடத்தக்கது". குறிப்பிட்டுட்டீங்கல்ல, அப்புறம் என்ன தனியா குறிப்பிடத்தக்கது.

பென்னாகரம்_ரோடு:
தம்பி சிரிச்சிட்டேன் 😂 ஆனா ஒகேனக்கல் செய்தில ஒன்னு மட்டும் நான் விட்டுக்குடுக்க மாட்டேன், "பிலிகுண்டுலுவில் நீர்வரத்து வினாடிக்கு இத்தன ஆயிரம் கனஅடி"ன்னு போடுவாங்கல்ல, தெனம் ஒரே மாதிரி இருந்தாலும் அத நான் படிச்சே ஆவணும். பரிசல் ஓடுமா ஓடாதான்னு அத வச்சி தான், சித்திக்கு எவ்ளோ மீன் வாங்கணும்னும் அத வச்சி தான். அதுக்கு பின்னாடி வர "ஆர்ப்பரித்து கொட்டுகிறது", "சுற்றுலா பயணிகள் ஏமாற்றத்துடன் திரும்பினர்" இதெல்லாம் வருஷா வருஷம் ஆடில எடுத்து ஒட்டுறது.

ஓசூர்_செகண்ட்_ஷிப்ட்:
மச்சா நம்ம பக்கம் வாங்க, இங்க ஒரே வார்த்தை தான், "மிக அருகில்". பெங்களூருக்கு மிக அருகில், சிப்காட்டுக்கு மிக அருகில், ரிங் ரோட்டுக்கு மிக அருகில். ஓசூர்ல இருந்து பெங்களூர் ஒரு 40 கிலோமீட்டர், சரி, ஒத்துக்கலாம். கிருஷ்ணகிரி தாண்டி ஒரு கல்லாங்காட்டுல கலர் கொடி நட்டு வச்சி அங்கயும் பெங்களூருக்கு மிக அருகில்னு போர்டு வச்சிருக்கான், அங்க இருந்து 90 கிலோமீட்டருக்கு மேல வரும் குரு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அத்திப்பள்ளி கிட்ட நின்னு பாத்திருந்தா அருகில்னு வாய் வருமா?

2024 ஜூன்ல சட்டசபைல ஓசூருக்கு ஏர்போர்ட் வரும்னு அறிவிச்சாங்க, 2,000 ஏக்கர்ல, வருஷத்துக்கு 3 கோடி பயணிங்கன்னு. அவ்ளோ தான், அப்ப இடம் எதுன்னே முடிவாகல, அதுக்குள்ள ஓசூர சுத்தி எந்த பக்கம் போனாலும் "ஏர்போர்ட்டுக்கு மிக அருகில்". சூளகிரி பக்கமும் அருகில், தளி பக்கமும் அருகில், தேன்கனிக்கோட்டை பக்கமும் அருகில். ஒரு புரோக்கர் கிட்ட எந்த ஏர்போர்ட்டுண்ணான்னு கேட்டேன், "நீங்க இன்வெஸ்ட்மென்ட் மைண்ட்செட்ல யோசிக்கணும் சார்"ன்னாரு.

கம்பெனில "நாம எல்லாம் ஒரே குடும்பம்". அத சொன்னா அந்த மாசம் ஓவர்டைம் காசு லேட்டுன்னு அர்த்தம். எங்க லைன்ல பசங்க எல்லாருக்கும் இது தெரியும், ஹெச்ஆர் குடும்பம்னு ஆரம்பிச்சதும் ஒருத்தன ஒருத்தன் பாத்துக்குவோம்.

காவேரிப்பட்டணம்_அக்கா:
ஆம்பளைங்க எல்லாம் பேப்பரு, பிளாட்டுன்னு சொல்றீங்க. எங்க லிஸ்ட் வேற.

"விசேஷம் எதுவும் இல்லையா?" கல்யாணம் ஆன மூணாவது மாசத்துல இருந்து எந்த வீட்டுக்கு போனாலும், கோயிலுக்கு போனாலும், மாவு அரைக்க போனாலும். நேரா கேக்கவும் மாட்டாங்க, வயித்த ஒரு பார்வை பாத்துட்டு "அப்புறம், வேற விசேஷம்?" அப்டின்னு இழுப்பாங்க. நான் ஒரு தடவ "எங்க மாடு சினையா இருக்குங்க"ன்னு சொல்லிட்டேன். மாமியார் ஒரு வாரம் பேசல.

அடுத்தது "வீட்ல சும்மா தானே இருக்க". இதுக்கு நான் ஒன்னும் எழுத வேண்டியதில்ல, இங்க இருக்குற பொம்பளைங்களுக்கு தெரியும். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா", இத சொல்றவங்க யாரும் இதுவரைக்கும் எதையும் அட்ஜஸ்ட் பண்ணதா நான் பாக்கல.

ஆனா ஒன்னு சொல்லணும். வாட்ஸ்அப் குரூப்ல "ஆழ்ந்த இரங்கல்"னு வரிசையா காப்பி பேஸ்ட் போடுறாங்கன்னு நெறைய பேர் கிண்டல் பண்றாங்க. எங்கப்பா தவறினப்ப எனக்கு அது ஒன்னும் தப்பா படல. அந்த நேரத்துல யாருக்கு தான் என்ன சொல்ல தெரியும், எல்லாரும் சொல்றதையே சொன்னா அவங்களும் தப்பிச்சாங்க, நானும் ஒரு கும்பிடு போட்டுட்டு தப்பிச்சேன். புதுசா யோசிச்சி பேசுனவங்க தான் என்ன அழ வச்சாங்க. "படுக்கைல கெடக்காம போனாரு, குடுத்து வச்சவரு"ன்னு ஒருத்தர். யாருக்கு குடுத்து வச்சிது?

பாலக்கோடு_தக்காளி:
மாடு சினை 😭😭 அக்கா நீங்க வேற லெவல்

பென்னாகரம்_ரோடு:
டேய்

ரிட்டயர்டு_கிளார்க்:
நண்பர்களுக்கு வணக்கம். நான் தருமபுரி டவுன். அரசாங்க ஆபீஸ்ல குப்பை கொட்டி ரிட்டயர் ஆனவன், அதனால நீங்க திட்ட போற வார்த்தைல பாதிய எழுதினவனே நான் தான்னு வச்சிக்கோங்க.

"பரிசீலனையில் உள்ளது", "ஆவன செய்யப்படும்", "மேல் நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது". ஏன் இப்படி எழுதுறோம்னு வெளில இருக்கவங்களுக்கு தெரியாது. மனு மறுக்கப்பட்டதுன்னு எழுதிட்டா அவரு காரணம் கேப்பாரு, அப்பீல் போவாரு, ஃபைல் திரும்ப நம்ம டேபிளுக்கே வரும். பரிசீலனையில்னு எழுதினா அவரு வீட்டுக்கு போயிடுவாரு. "பார்வையில் காணும் கடிதத்தின்பால் கவனம் ஈர்க்கப்படுகிறது"ன்னா, ஏற்கனவே எழுதினோமே நீ ஏன்யா பதில் போடலன்னு அர்த்தம். எங்களுக்குள்ள அது சண்டை, படிக்கிறவங்களுக்கு தமிழ்.

நான் எழுதி எனக்கே புடிக்காம போனது "போர்க்கால அடிப்படையில்". ரோடு குழி மூடுறதும் போர்க்காலம், கொசு மருந்தும் போர்க்காலம். ஃப்ளோரைடு தண்ணி குடிச்சி பல்லு கறையாகி எலும்பு வளைஞ்ச ஜனங்க இந்த ரெண்டு மாவட்டத்துலயும் எத்தனை பேர்னு பாத்தவங்களுக்கு தெரியும், அதுக்காக வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டத்துக்கு 2008-ல அடிக்கல் நாட்டி 2013-ல தான் திறந்தாங்க. பெரிய வேலை, மலை ஏத்தி தண்ணி கொண்டு வரணும், அஞ்சு வருஷம் ஆகும் தான், நான் குறை சொல்லல. அஞ்சு வருஷம் ஆகுறத அஞ்சு வருஷம் ஆகும்னே சொல்லலாமே.

இன்னொன்னு கேளுங்க. மொரப்பூர்ல இருந்து தருமபுரிக்கு 1906-ல வெள்ளைக்காரன் ஒரு சின்ன ரயில் லைன் போட்டான், அப்புறம் அது ஓசூர் வரைக்கும் போச்சு. ரெண்டாம் உலகப் போர் நடக்கும்போது 1941-ல அத மூடிட்டாங்க. அதே மொரப்பூர் லைன திரும்ப போடுறதுக்கு 2019-ல அடிக்கல் நாட்டினாங்க. ஆக நம்ம ஊர்ல நெசமாவே போர்க்கால அடிப்படைல நடந்த வேலை அந்த தண்டவாளத்த எடுத்தது தான்.

ஒரே ஒரு விஷயத்துல உங்களோட ஒத்துப்போக மாட்டேன். பசங்க வேற லெவல், தரமான சம்பவம், கெத்துன்னு பேசுறத விடுங்க. நாங்க டக்கர்னோம், எங்க அப்பா ஜோர்ன்னாரு, அதெல்லாம் இப்ப யாரும் சொல்றதில்ல, இதுவும் போயிடும். "ஆவன செய்யப்படும்" போகாது, நான் சேரும்போதே இருந்துச்சு.

ஓசூர்_செகண்ட்_ஷிப்ட்:
சார் தண்டவாளம் மேட்டர் தெரியவே தெரியாது, செம. எங்க ஊருக்கு அப்பவே ரயில் வந்துச்சா!

ரிட்டயர்டு_கிளார்க்:
ஆமா தம்பி. கிருஷ்ணகிரிக்கும் திருப்பத்தூர்ல இருந்து ஒரு சின்ன லைன் இருந்துச்சு, அதுவும் போச்சு. இன்னிக்கு மாவட்ட தலைநகரமா இருந்தும் கிருஷ்ணகிரி டவுனுக்கு ஸ்டேஷன் கெடையாது. கேட்டா என்ன பதில் வரும்னு உங்களுக்கே தெரியும்.

பாலக்கோடு_தக்காளி:
ஆவன செய்யப்படும் 🙏

அரூர்_டீச்சர்:
லேட்டா வந்தேன். என்னோடது "அதியமான் ஆண்ட மண்". தகடூர், அதியமான், அவ்வைக்கு நெல்லிக்கனி, எல்லாம் நமக்கு பெருமை தான், இல்லன்னு சொல்லல, ஆனா ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு வர சிறப்பு விருந்தினர் ஒருத்தர் விடாம அதுல தான் ஆரம்பிப்பாரு. பசங்களுக்கு மனப்பாடம், அவரு "இந்த மண்..."ன்னு இழுக்கும்போதே பின்னாடி பெஞ்சு "அதியமான் ஆண்ட மண்"னு முடிச்சிடுது. போன வருஷம் ஒருத்தர் அத சொல்லல. தீர்த்தமலைக்கு சின்ன வயசுல நடந்தே போனது, வழில எங்க தண்ணி குடிச்சாங்க, எங்க உக்காந்தாங்கன்னு பேசுனாரு. ஒரு பையன் கூட சத்தம் போடல, எனக்கே ஆச்சரியம். அப்புறம் நன்றியுரை சொன்ன எங்க சார் எந்திரிச்சி "அதியமான் ஆண்ட இந்த மண்ணிலே"ன்னு விட்ட கணக்க சரி பண்ணிட்டாரு.

காவேரிப்பட்டணம்_அக்கா:
ஹாஹா டீச்சர். இன்னொன்னு விட்டுட்டோம் எல்லாரும். "தொப்பூர் தாண்டிட்டேன்". சேலத்துல இருந்து வர ஆளுக்கு எப்ப போன் போட்டாலும் தொப்பூர் தாண்டிட்டேன்னு தான் வரும். பின்னாடி சேலம் பஸ் ஸ்டாண்டு கண்டக்டர் ஓமலூர் ஓமலூர்னு கத்துறது எனக்கு கேக்குது, இவரு தொப்பூர் தாண்டிட்டாராம்.

ஓசூர்_செகண்ட்_ஷிப்ட்:
அக்கா அதுல மட்டும் கை வைக்காதீங்க, கணவாய்ல லாரி கவுந்து ரோடு ஜாம்னா நெசமாவே ரெண்டு மணி நேரம் நிக்கணும், அந்த ஒரு சாக்கு தான் எங்களுக்கு மிச்சம்.