இத்தாலிக்குப் போகிற படகை லிபியா ஏன் மறிக்கிறது?

வழிப்போக்கன்:
தெரியாமல்தான் கேட்கிறேன். லிபியாவில் ஆட்சியே இரண்டாக உடைந்து கிடக்கிறது, அந்த நாட்டுக் கடலோரக் காவல்படைக்கு இத்தாலி படகும் பயிற்சியும் கொடுத்து அகதிகளைப் பிடிக்கச் சொல்கிறது. இத்தாலியிடம் இல்லாத கப்பலா? தானே தடுத்துவிட்டுப் போகலாமே?

உப்புக்காற்று:
அதைத்தான் முதலில் செய்து பார்த்தார்கள். 2009 மே மாதம் லம்பெடூசா என்கிற இத்தாலியத் தீவுக்குத் தெற்கே மூன்று படகுகளில் வந்த சுமார் 200 பேரைத் தன் கப்பல்களில் ஏற்றி நேரே லிபியத் தலைநகர் திரிப்போலியில் கொண்டுபோய் இறக்கிவிட்டது இத்தாலி. அவர்களில் சோமாலியா, எரித்திரியாக்காரர்கள் 24 பேர் வழக்குப் போட, 2012-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இத்தாலிக்குக் குட்டு வைத்தது: கப்பலில் ஏற்றிய நிமிஷமே அவர்கள் உன் பொறுப்பு. சரி, ஏற்றினால்தானே வம்பு? 2017-இல் லிபியாவோடு ஒப்பந்தம் போட்டார்கள். மேலே ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் காவல் அமைப்பான ஃபிரான்டெக்ஸின் விமானம் படகைக் கண்டுபிடிக்கும், தகவல் லிபியாவுக்குப் போகும், கை வைப்பது லிபியாக்காரன். பிடிபட்டவர்களை அடைக்கிற முகாம்களில் நடக்கிற சித்திரவதையையும் பணப் பறிப்பையும் ஐ.நா. குழுவே பதிவு செய்திருக்கிறது.

மணல்மேடு:
கடலோடு நின்றுவிடாதீர்கள். நைஜர் நாட்டில் சஹாரா ஓரம் அகடெஸ் என்று ஓர் ஊர். அங்கிருந்து பிக்கப் வண்டியில் ஆள் ஏற்றி லிபியா பக்கம் போவது ஊரறிந்த தொழில், ஒளிவுமறைவே கிடையாது. 2015-இல் ஐரோப்பாவின் நெருக்குதலில் அதைக் குற்றமாக்கி ஒரு சட்டம் வந்தது. வண்டிகள் பறிமுதல், ஓட்டுநர்கள் உள்ளே. மிச்சமிருந்தவர்கள் ரோந்துக்குப் பயந்து கிணறு இருக்கிற தடத்தை விட்டு விலகி ஓட்டினார்கள். அந்த மணலில் வண்டி நின்றுபோனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2023 நவம்பரில் நைஜரின் ராணுவ ஆட்சி அந்தச் சட்டத்தைத் தூக்கியெறிந்தது.

பனங்காடு:
நம்மவர்களுக்கு இது புதிதா? 2013-இல் கொழும்பு காமன்வெல்த் மாநாட்டுக்கு வந்த ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் இலங்கைக் கடற்படைக்கு இரண்டு ரோந்துப் படகுகள் தருவதாக அறிவித்தார். மறுவருஷம் ஜூலையில், இலங்கையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் படகில் போன 41 பேரிடம் கடலிலேயே விசாரணையை முடித்து, மட்டக்களப்புக்கு அப்பால் அதே கடற்படையிடம் ஒப்படைத்தார்கள். யாருக்குப் பயந்து படகேறினார்களோ, அவர்கள் கையிலேயே.

வழிப்போக்கன்:
அப்படியென்றால் லிபியாக்காரன் பிடித்ததற்கு இத்தாலி மேல் வழக்கே போட முடியாதா?

உப்புக்காற்று:
போட்டார்களே. 2017 நவம்பரில் நடந்த ஒரு சம்பவம், நடுக்கடலில் ஆட்கள் செத்தார்கள், வந்து மறித்த லிபியப் படகுகூட இத்தாலி கொடுத்ததுதான். ஆனாலும் 2025-இல் அதே ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம், அந்த இடம் இத்தாலியின் கட்டுப்பாட்டில் இல்லை என்று சொல்லி வழக்கை விசாரணைக்கே ஏற்கவில்லை.