‘லாங் டைம் நோ சீ’ பிழையான ஆங்கிலமா?

சொல்லேர்: பழைய நண்பரைச் சந்திக்கும்போது ‘லாங் டைம் நோ சீ’ (பார்த்து ரொம்ப நாளாயிற்று) என்று சொல்வது கொச்சை, படித்தவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும் என்று நிலாமுற்றம் நேற்று எழுதியதைப் படித்துவிட்டு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இயல்பாகச் சொல்லும் தொடர் அது. 1900-ஐ ஒட்டி அமெரிக்காவில் அச்சான நூலிலேயே இருக்கிறது.

நிலாமுற்றம்: அச்சேறிவிட்டால் பிழை சரியாகிவிடுமா? அந்நூலில் அதைச் சொல்பவர் ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த பழங்குடி மனிதர் என்பதை ஏன் மறைக்கிறீர்கள்? எழுவாய் இல்லை, ‘சீ’ என்னும் வினைக்கு முன் ‘நோ’ வருவதை எந்த இலக்கணமும் ஏற்காது. ‘இட்ஸ் பீன் ஏஜஸ்’ (எவ்வளவோ காலமாயிற்று) என்று அழகாகச் சொல்ல வழியிருக்கும்போது இது எதற்கு?

சொல்லேர்: எழுவாய் இல்லையாம்! ‘பார்த்து ரொம்ப நாளாயிற்று’ என்கிறோமே, யார் யாரைப் பார்த்தது என்று அதில் எங்கே இருக்கிறது? சீனர்கள் ‘ஹாவ் ஜியூ பூ ஜியென்’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் ‘நெடுங்காலம் காணவில்லை’ என்று பொருள். வணிகர்களின் கலப்பு ஆங்கிலத்தின் வழியே அதுதான் ‘லாங் டைம் நோ சீ’ ஆயிற்று என்று பலர் கருதுகிறார்கள். ‘நோ கேன் டூ’ (என்னால் முடியாது) என்பதிலும் வினைக்கு முன்தான் ‘நோ’ நிற்கிறது. அதையும் தடை செய்வீர்களா?

ஐயவினா: ‘இயல்பான’ தொடர் என்று எதைச் சொல்கிறீர்கள்? மக்கள் பேசுவதையா, பாடநூல் ஏற்பதையா? மேலும், ‘ஹவ் ஆர் யூ’ இன்றைய நலத்தை மட்டும் கேட்கிறது. ‘ஹவ் ஹாவ் யூ பீன்’ என்பதோ கடைசியாகப் பார்த்த நாள் முதல் இன்றுவரை எப்படி இருந்தீர்கள் என்று கேட்கிறது. நெடுநாள் பிரிந்திருந்தவரிடம் பேசுவதற்கு இந்த வேறுபாடு அல்லவா முக்கியம்?

நிலாமுற்றம்: அதைப் பிறகு பார்க்கலாம், ஐயவினா. சொல்லேர் சென்ற மாதம் ‘ஐ ஆம் சீயிங் யூ ஆஃப்டர் எ லாங் டைம்’ என்று எழுதினார். தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதிய தொடர் அது என்று நான் திருத்தினேன். அன்று முதல் நான் எதை எழுதினாலும் எதிர்ப்பதையே வேலையாக வைத்திருக்கிறார். வினைக்கு முன் ‘நோ’ வராது என்பதற்கு மட்டும் இன்னும் நேரான பதில் இல்லை.

சொல்லேர்: அன்று நீங்கள் திருத்திய விதத்தை நான் மறக்கவில்லை, அத்தனை பேர் முன்னிலையில் ‘அரிச்சுவடியிலிருந்து தொடங்குங்கள்’ என்றீர்கள். அது கிடக்கட்டும். ‘நோ’வுக்கு நான் இரண்டு முறை விளக்கம் தந்துவிட்டேன், மூன்றாம் முறையும் தருகிறேன்: வழக்கில் ஊன்றிவிட்ட வாழ்த்துத் தொடரை உடைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் இலக்கணம் கேட்கக் கூடாது. நண்பரைக் கண்ட மகிழ்ச்சியில் வாயில் வருவது அது.

நிலாமுற்றம்: என் மாணவர் எழுதினால் சிவப்பு மையால்தான் அடிப்பேன்.

சொல்லேர்: எழுத்தைப் பற்றி இங்கே யார் பேசினார்கள்? முதல் வரியிலேயே ‘சந்திக்கும்போது’ என்று எழுதியிருக்கிறேன். மேலே போய் மறுபடி படியுங்கள்.