அசையாத மனிதரைப் பார்க்கப் போன கதை

இங்கிலாந்தின் பாப் இசை இரட்டையர் பெட் ஷாப் பாய்ஸை நேரில் பார்த்தவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். என் கதை கொஞ்சம் இழுவை. 2020 நிகழ்ச்சிக்கு வாங்கிய டிக்கெட். கொரோனாவால் ஒரு தடவை தள்ளிப்போனது, அப்புறம் இன்னொரு தடவை. ஒருவழியாக 2022 மே மாதம் லண்டன் ஓ2 அரங்கில் போய் உட்கார்ந்தேன்.

மேடையில் தெருவிளக்குக் கம்பங்கள். ஒன்றின் கீழ் பாடகர் நீல் டெனன்ட், இன்னொன்றின் கீழ் கீபோர்டு வாசிக்கும் கிறிஸ் லோ. முகத்தில் இசைக்கவை மாதிரி விசித்திர முகமூடி. 67 வயதிலும் டெனன்ட்டின் குரல் அப்படியே இருந்தது. ஆனால் நான் கண்ணெடுக்காமல் பார்த்தது லோவைத்தான். கீபோர்டுக்குப் பின்னால் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நிற்கிறார். சிரிப்பில்லை, ஆட்டமில்லை. அரங்கமே எழுந்து ஆடுகிறது. ஆட வைத்தவரோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல நிற்கிறார்! பக்கத்து இருக்கைப் பெரியவர் குனிந்து, "எண்பத்தாறிலிருந்தே இவர் இப்படித்தான்" என்றார்.

இவர்களுடைய 'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்' பாட்டு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்த வருடம் அது. அதே பாட்டை 1984-இல் நியூயார்க் தயாரிப்பாளர் பாபி ஆர்லாண்டோவுடன் வெளியிட்டபோது இங்கிலாந்தில் யாரும் சட்டை செய்யவில்லை. இன்னொரு தயாரிப்பாளர் ஸ்டீவன் ஹேக்குடன் மறுபடி பதிவு செய்த பிறகுதான் பிய்த்துக்கொண்டு போனது. அதற்குள் டெனன்ட் 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' பாப் இசைப் பத்திரிகை வேலையையும் விட்டிருந்தார். துணிச்சல்தான்.

---

உங்களைப் போல அரங்கில் அல்ல, நான் இவர்களைப் பார்த்தது 2004 செப்டம்பரில், லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில். சோவியத் இயக்குநர் ஐசென்ஸ்டைனின் 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' மௌனப் படத்துக்கு இவர்கள் எழுதிய இசையை ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்தார்கள். டிக்கெட் கிடையாது. ஹிட் பாட்டு ஒன்றாவது வரும் என்று கடைசிவரை நின்றேன். வரவே இல்லை. அன்று எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த இரவைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

---

நீங்கள் இருவரும் ஆளையாவது பார்த்தீர்கள். நான் தேடிப் போனது ஒரு படிக்கட்டை. லோ லிவர்பூலில் கட்டடக்கலை படித்தவர். 1981-இல் செல்சியின் கிங்ஸ் ரோடு மின்னணுக் கடை ஒன்றில் டெனன்ட்டைச் சந்தித்திருக்காவிட்டால் அதையே தொழிலாகக் கொண்டிருப்பார். அந்த நாட்களில் அவர் வடிவமைத்த படிக்கட்டு ஒன்று இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் ஊர்த் தொழிற்பேட்டையில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அலைந்து, எது அவருடையது என்று தெரியாமல் மூன்று படிக்கட்டுகளைப் படமெடுத்துக்கொண்டு திரும்பினேன். காவலாளி ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கம் சொல்லத் தெம்பில்லை.