ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்கு: இன்னும் மறக்காத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

டியூஷன் அக்கா
ஏழாவது படிக்கும் பெண். மற்ற பாடமெல்லாம் தொண்ணூறுக்கு மேல். 3x = 12 என்ற கணக்குக்கு x = 9 என்று எழுதியிருந்தாள். எப்படி என்றேன். "மூணு அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆயிடும்க்கா, பன்னிரண்டுல மூணு போனா ஒன்பது." சரி, 9-ஐப் போட்டுச் சரிபார் என்றேன். மூவொன்பது 27 என்று போட்டு, பக்கத்தில் "= 12" என்றும் எழுதி, அடியில் கோடிழுத்து "சரிபார்க்கப்பட்டது" என்று முடித்துவிட்டாள்! 27 = 12. துளி சந்தேகம் வரவில்லை. அந்தச் சமக்குறி அவளுக்கு வெறும் அலங்காரம்.

கடைக்கார அப்பா
என் பையன் எட்டாவது. சாயங்காலம் மளிகைக் கடையில் கல்லாவுக்கு வந்துவிடுவான். சர்க்கரை கிலோ 42.50, மூணு கிலோ என்றால் "நூத்தி இருபத்தேழரை" என்று நிமிராமல் சொல்வான். அதே கணக்கைப் பரீட்சைத் தாளில் 1275 என்று எழுதியிருக்கிறான். மூணு கிலோ சர்க்கரை ஆயிரத்துச் சொச்சமாடா என்றால், "அது ஸ்கூல் கணக்குப்பா" என்கிறான். இதற்கு யாரைக் குறை சொல்வது? சொல்லித்தரும் முறைதான் கோளாறு.

ஏழாம் பீரியட்
கடைக்கார அண்ணா, முறை முறை என்று எல்லாவற்றையும் எங்கள் தலையில் கட்டாதீர்கள். கடையில் x வராது, மைனஸ் எட்டு கிலோ பருப்பு யாரும் கேட்க மாட்டார்கள். நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். 2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது இரண்டாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள், 2021 நவம்பர் 1-ல் திரும்ப வந்து உட்கார்ந்தது நாலாம் வகுப்பில். மூன்றாம் வகுப்பு முழுக்கக் கல்வித் தொலைக்காட்சியிலும் வாட்ஸ்அப்பிலும் போனது. விட்டுப்போன அடிப்படைக் கணக்கையும் வாசிப்பையும் சொல்லித்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் வந்தபோது இவர்கள் ஐந்தில். அது ஐந்து வரை நீண்டபோது ஆறுக்குப் போய்விட்டார்கள். எட்டு வரை ஆல் பாஸ் வேறு. வகுத்தலே வராத பிள்ளைக்கு நான் இயற்கணிதம் நடத்த வேண்டும்.

என் சம்பவம்: 1/2 + 1/3 = 2/5 என்று எழுதிய பையனைக் கூப்பிட்டேன். "முதல் டெஸ்ட்ல ரெண்டுக்கு ஒண்ணு, அடுத்ததுல மூணுக்கு ஒண்ணு. மொத்தம் அஞ்சுக்கு ரெண்டுதானே மிஸ்? நீங்களே அப்படித்தானே கூட்டுவீங்க?" வாயடைத்துப் போனேன்.

ரிட்டயர்டு சார்
என் பேத்திக்கும் கணக்கு வராது. அது கிடக்கட்டும். காரணம் ஒன்றே ஒன்று: வாய்ப்பாடு இல்லை. காலை ஐந்து மணிக்கு எழுப்பி, முகம் கழுவ வைத்து, 16-ஆம் வாய்ப்பாடு வரை சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு தலைகீழாக. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் முக்கால், அரைக்கால், வீசம் வரை வாய்ப்பாடு ஒப்பிப்பார்கள், பின்னம் என்று யாரும் பயந்ததில்லை. செல்போனை ஞாயிறு மட்டும் கொடுங்கள். ரஃப் நோட்டுத் தனியாக வேண்டாம், தப்பும் ஒரே நோட்டில் இருக்கட்டும். வல்லாரைக் கீரை வாரம் இருமுறை. டியூஷனுக்குக் கட்டும் பணத்தைச் சேமித்து வையுங்கள்.

டியூஷன் அக்கா
சார், மூவொன்பது இருபத்தேழு என்று அவள் சரியாகத்தான் சொன்னாள். பிரச்சினை வாய்ப்பாட்டில் இல்லை.

கடைக்கார அப்பா
டீச்சர், கோபப்படாதீர்கள். அந்தப் பையனுக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

ஏழாம் பீரியட்
டெஸ்டில் ஒவ்வொரு தடவையும் மொத்தமே மாறிவிடுகிறது, இங்கே இரண்டும் ஒரே முழுசில் எடுத்த பங்கு என்றேன். மண்டையை ஆட்டினான். சரி, அரை தோசை சாப்பிட்டவன் இன்னும் கொஞ்சம் சாப்பிட்டால் அரையைவிடக் கூடுமா குறையுமா என்றேன். "கூடும் மிஸ்." அப்போ 2/5 எப்படிடா வரும் என்றேன். "2/5 அரையைவிடப் பெருசுதானே மிஸ், ரெண்டும் அஞ்சும் பெரிய நம்பர்." அதற்குள் மணி அடித்துவிட்டது. மறுநாள் நடத்த வேண்டிய போர்ஷன் விகிதமுறு எண்கள், அதாவது மைனஸ் பின்னமும் சேர்த்து.