டிரைவர் மாட்யூல் ஏறுகிறது, புரோப் மட்டும் ஓடவில்லை. உதவுங்களேன்
ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியில் டிஎஸ்3231 கடிகாரச் சிப்பை ஐ2சி (இரண்டு ஒயரில் தரவு அனுப்பும் முறை) வழியாக இணைத்து, லினக்ஸ் டிரைவர் எழுதிப் பழகுகிறேன். (லினக்ஸின் மையமான கெர்னலில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, தெரியும். கற்றுக்கொள்ளத்தான் இந்தக் கூத்து.)

முதலில் பைத்தானில் படித்துப் பார்த்தபோது வினாடி 9-க்கு அப்புறம் 16-க்குத் தாவியது. அரை நாள் ஒயரைச் சந்தேகப்பட்டேன். சிப் எண்களை பிசிடி முறையில் (ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனியாக நான்கு பிட்; 10-ஐச் சாதாரண எண்ணாகப் படித்தால் 16 என்று வரும்) வைத்திருக்கிறது என்று டேட்டாஷீட்டைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

இப்போது வேறு சிக்கல். மாட்யூல் பிழையில்லாமல் ஏறுகிறது, ஆனால் புரோப் ஃபங்ஷன் (தன் சிப் இருப்பது தெரிந்ததும் டிரைவரில் கெர்னல் கூப்பிடும் பகுதி) அழைக்கப்படவே இல்லை. இணைந்த சிப்களின் முகவரிகளைக் காட்டும் ஐ2சி-டிடெக்டில், டிரைவர் பிடித்திருந்தால் வரும் யூயூ வராமல், சிப்பின் முகவரியான 68 என்றே தெரிகிறது; ஆக, வேறு டிரைவர் பிடித்து வைத்திருக்கவில்லை. டிவைஸ் ட்ரீ ஓவர்லேயிலும் (என்ன சிப் இணைந்திருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கூடுதல் கோப்பு) டிரைவரிலும், இரண்டையும் பொருத்தப் பயன்படும் கம்பேட்டிபிள் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். ஓவர்லே உண்மையிலேயே ஏறியதா என்று எங்கே பார்ப்பது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.