555 கடன் கணக்கு மென்பொருள்: 4.35 வெள்ளி 434 காசாகப் பதிகிறது, உதவி தேவை

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா)

வணக்கம். தோட்டத்து மக்கள் 555 என்ற சிறிய குறிப்புப் புத்தகத்தில் கடன் எழுதி, சம்பளம் வந்ததும் கட்டும் மளிகைக் கடைக்கு ஒரு கணக்கு மென்பொருள் எழுதுகிறேன். பைத்தான் மொழி, எஸ்கியூலைட் தரவுத்தளம், விண்டோஸ் கணினி. வேலை நேர்முகத்தில் காட்டப்போவதும் இதைத்தான்.

விலையை வெள்ளியில் (ரிங்கிட்) வாங்கி, ஃப்ளோட்டாக (புள்ளி வைத்த எண்ணாக) மாற்றி, 100ஆல் பெருக்கி, இன்ட் (முழு எண்ணாக்கும் கட்டளை) போட்டுக் காசாகச் சேமிக்கிறேன். 2.50 சரியாக 250 ஆகிறது. ஆனால் 4.35 கொடுத்தால் 434, 19.99 கொடுத்தால் 1998. இன்னொன்று: ஒவ்வொரு பொருளின் விலையையும் கிட்டிய 5 காசுக்குச் சரிசெய்த பிறகு கூட்டினால், கடைக்காரர் வாங்கும் தொகையோடு ஒத்துப்போவதில்லை. சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாகத் தெரிகின்றன.

பதில் 1

தம்பி, காசை முழு எண்ணாக வைப்பது சரியான முடிவு. கோளாறு அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. ஃப்ளோட் எண்ணை இரண்டடிமானத்தில் (0, 1 மட்டும் கொண்ட எண்முறையில்) வைக்கிறது. 2.5 அதில் துல்லியமாக அடங்கும், 4.35 அடங்காது. அதனால் 4.35 * 100 என்பது 434.99999999999994 ஆகிறது. இன்ட் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடும், கிட்டிய எண்ணுக்குக் கொண்டுபோகாது.

பயனர் தட்டுவதை வாங்கும் இன்புட் கட்டளை தருவது ஏற்கெனவே எழுத்துச்சரம்தான். அதை ஃப்ளோட் பக்கமே கொண்டுபோகாமல் நேராகப் பைத்தானின் டெசிமலிடம் (பத்தடிமான எண் வகை) கொடுங்கள். மேற்கோள் குறிக்குள் இருக்கும் '4.35'ஐக் கொடுத்தால் சரியான 4.35 கிடைக்கும். வெறும் 4.35ஐக் கொடுத்தால் ஃப்ளோட்டின் பிழையும் சேர்ந்தே உள்ளே போகும், இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பிறகு 100ஆல் பெருக்கி இன்ட் போடலாம். புள்ளிக்குப் பின் 2 இலக்கத்துக்கு மேல் தட்டினால் ஏற்காதீர்கள்.

நிறுத்து விற்கும் பொருளுக்கு எடையைக் கிராமிலும் விலையைக் கிலோவுக்கு இத்தனை காசு என்றும் வைத்தால் டெசிமலே வேண்டாம்:

தொகை = (கிராம் * விலை + 500) // 1000

// என்பது விடையைக் கீழுள்ள முழு எண்ணுக்கு இறக்கும் வகுத்தல். 735 கிராம் வெங்காயம், கிலோ 320 காசு என்றால் 235 காசு. பைத்தான் 3 தமிழ் மாறிப் பெயர்களை ஏற்கும், மேலே உள்ள வரி அப்படியே ஓடும்.

ஏற்கெனவே பதிந்த விலைகளைச் சூத்திரம் போட்டு மீட்க முடியாது. எந்த 434 உண்மையான 434, எது வெட்டுப்பட்ட 435 என்று தரவுத்தளத்துக்குத் தெரியாது. கடை விலைப்பட்டியலை வைத்துத் திரும்பப் பதியுங்கள், அதற்கு முன் கோப்பை நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2

5 காசு விவகாரத்துக்கு வருகிறேன். 1.4.2008 முதல் நடப்பில் உள்ள பேங்க் நெகாரா (மலேசிய மத்திய வங்கி) முறைப்படி, சரிசெய்வது பில்லின் மொத்தத்துக்குத்தான், தனித்தனிப் பொருளுக்கு இல்லை. 2.98 வெள்ளிப் பொருள் மூன்று வாங்கினால் மொத்தம் 8.94, ரொக்கமாக 8.95. நீங்கள் ஒவ்வொன்றையும் 3.00 ஆக்குவதால் 9.00 வருகிறது.

1, 2 என முடிந்தால் 0க்கு இறங்கும். 3, 4 என்றால் 5க்கு ஏறும். 6, 7 என்றால் 5க்கு இறங்கும். 8, 9 என்றால் 10க்கு ஏறும். காசு முழு எண்ணாக இருந்தால் ஒரே வரி போதும்:

ரொக்கம் = (மொத்தம் + 2) // 5 * 5

கடன் கணக்கில் கூடுதல் கவனம் தேவை. பொருள் எடுக்கும் நாளில் ரொக்கம் கைமாறவில்லை, ஆகவே 894 என்றே எழுதுங்கள். கணக்கை முழுசாகத் தீர்க்கும்போது மட்டும் சரிசெய்யுங்கள். 895 வாங்கினால் அந்த 1 காசை ‘சரிக்கட்டு’ என்று தனி வரியாகப் பதியுங்கள். இல்லாவிட்டால் கடனை அடைத்தவர் கணக்கில் ஒரு காசு தொங்கிக்கொண்டே இருக்கும். மிச்சம் என்று தரவுத்தளத்தில் தனி நெடுவரிசை வைக்கவேண்டாம். வரிகளைக் கூட்டியே மிச்சத்தைக் கண்டுபிடியுங்கள். ஒரு வரியைத் திருத்தினால் மிச்சமும் தானாகத் திருந்தும்.

கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணே, நன்றி அக்கா. 435, 1999 இரண்டும் சரியாக வருகின்றன. ஆனால் ஒருவர் 5 காசு கூடுதலாகக் கட்டியதும் மிச்சம் -1.95 வெள்ளி என்று திரையில் காட்டுகிறது. தரவுத்தளத்தில் -5 என்றுதான் இருக்கிறது.

பதில் 2

கணக்கு சரி, காட்டும் இடம்தான் தவறு. பைத்தானில் -5 // 100 என்றால் -1, -5 % 100 (மீதி) என்றால் 95. வகுத்தல் கீழ்நோக்கிப் போவதால் இப்படி. குறியைத் தனியாக எடுத்துவைத்து, ஏபிஎஸ் போட்ட (குறி நீக்கிய) எண்ணை வகுத்து, காசை இரண்டு இலக்கமாக நிரப்பி, குறியை முன்னால் ஒட்டுங்கள்.

பதில் 3

எக்செல் பிரச்சினைக்கு: சிஎஸ்வி எழுதும்போது என்கோடிங்கை (எழுத்துமுறையை) ‘யுடிஎஃப்-8-சிக்’ (utf-8-sig) என்று கொடுங்கள். வெறும் யுடிஎஃப்-8 கோப்பின் தொடக்கத்தில் அடையாளக் குறி இருக்காது, அதனால் விண்டோஸ் எக்செல் அதைப் பழைய எழுத்துமுறை என்று எடுத்துக்கொள்கிறது. கோப்பைத் திறக்கும் அதே வரியில் நியூலைனை வெற்றுச் சரமாக வையுங்கள், இல்லையென்றால் ஒரு வரி விட்டு ஒரு வரி காலியாக வரும்.

நேர்முகத்துக்கு முன் 4.35, 19.99, 2.98 வெள்ளிப் பொருள் மூன்று வாங்குவது, -5, வெற்று உள்ளீடு ஆகிய ஐந்தையும் பைடெஸ்டில் (பைத்தான் சோதனைக் கருவி) சோதனைகளாக எழுதி, நிரலோடு கிட்ஹப்பில் (நிரல் பகிரும் தளம்) ஏற்றிவிடுங்கள். வாடிக்கையாளர் பெயர் இருக்கும் தரவுத்தளக் கோப்பைக் கிட்இக்னோரில் (ஏற்றக்கூடாத கோப்புகளின் பட்டியல்) சேர்த்த பிறகே முதல் கமிட் (மாற்றப் பதிவு) போடுங்கள், தம்பி. ஒருமுறை ஏற்றிவிட்டால், பின்னால் அழித்தாலும் பழைய கமிட்களில் அது இருக்கும்.