தலையில் கை வைத்தால் வலி குறைகிறதா?

காசிமேடு பிசியோ:
மீன்கூடை சுமக்கிற அம்மா. இடது தோள்லேர்ந்து கட்டைவிரல் வரை கரண்ட் அடிக்கிற வலி. ரெண்டு மாசமா தோள்பட்டைக்கே ஒத்தடம், மெஷின். கையைத் தூக்கித் தலைமேல வெச்சபடியே உட்கார்ந்திருக்காங்க. மாமியாரோ "தலையில கை வெக்காதடி, குடும்பம் விளங்குமா"ன்னு தட்டித் தட்டி விடுறாங்க. கை இறங்கின நொடி பல்லைக் கடிக்கிறாங்க. பாதி பதில் அதுலயே இருக்கு: கோளாறு தோள்ல இல்ல, கழுத்துல. தலைமேல கை போனா கழுத்தெலும்புலேர்ந்து கைக்குக் கிளம்புற நரம்பு வேரோட இறுக்கம் தளரும், வலி குறையும். தோள்பட்டை இறுகியிருந்தா கை அவ்வளவு தூரம் ஏறவே ஏறாது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல் மரத்தா சி6ங்கிற ஆறாவது கழுத்து நரம்பு வேர், நடுவிரல்னா சி7, சுண்டுவிரல்னா சி8. பெரும்பாலானவங்களுக்கு 6லேர்ந்து 12 வாரத்துல ஆபரேஷன் இல்லாமலே அடங்கிடும். கழுத்துப் பட்டை (காலர்) ஒரு வாரம், மிஞ்சினா ரெண்டு. அதுக்கு மேல போட்டா கழுத்துத் தசை சோம்பிடும்.

தண்டையார்பேட்டை மெடிக்கல்:
விரல் கணக்கு சரி, ஆனா மரத்துப்போறதெல்லாம் கழுத்து இல்ல. ராத்திரி தூக்கத்துல எழுப்பி, கையை உதறினா சரியாகுதுன்னா மணிக்கட்டுல நரம்பு அழுந்துதான்னு பாருங்க.

என் கடைக்கு வந்தவர் டிரெய்லர் டிரைவர். பக்கத்து வீட்டுக்காரரோட மருந்துச் சீட்டை போன்ல காட்டி, வண்டிச் சாவியை விரல்ல சுத்திக்கிட்டே பிரீகாபலின் 75ங்கிற நரம்பு வலி மருந்து கேட்டார். தலைசுத்தும், தூக்கம் வரும். அதனாலதான் டாக்டர்கள் பெரும்பாலும் ராத்திரி வேளையில ஆரம்பிப்பாங்க. கிட்னி கோளாறுன்னா அளவே வேற. திடீர்னு நிறுத்தவும் கூடாது. பிரஷர், சுகர் இருக்கிறவங்க டைக்ளோபெனாக் வலி மாத்திரையை வாரக்கணக்கா முழுங்குறது அதைவிட மோசம், கிட்னியும் வயிறும் போயிடும். மெத்தில்கோபாலமின்ங்கிற பி12 வைட்டமின் மாத்திரை? பி12 குறைவா இருந்தா பலன். நரம்பு மேல இருக்கிற அழுத்தத்தை அது எடுக்காது.

வியாசர்பாடி தெரபிஸ்ட்:
கழுத்தை எடை கட்டி மேல இழுக்கிற இழுவை சிகிச்சையை (டிராக்‌ஷன்) யாருமே சொல்லலையே. கதவுல மாட்டுற தண்ணிப் பை செட் ஒண்ணை மகன் வாங்கி மாட்டி, அப்பாவைக் கதவுக்கு முதுகு காட்டி உட்கார வெச்சிருக்கார். தலை பின்னால சாயுது, நரம்பு வெளிவர்ற துவாரம் இன்னும் குறுகுது. "இழுக்க இழுக்க வலி ஏறுது"ன்னு அவர் சொன்னதுல ஆச்சரியமே இல்ல. கதவைப் பார்த்து உட்காரணும், கழுத்து லேசா முன்னால குனியணும், 4லேர்ந்து 5 கிலோ, 15 நிமிஷம். வலி விரல் பக்கம் இறங்கினா கழட்டிடுங்க, தோள் பக்கம் ஏறிச் சுருங்கினா நல்ல அறிகுறி. முதல் தடவை பிசியோ முன்னாடிதான். சலூன்ல கழுத்தை நெட்டி முறிக்கிறது அறவே வேணாம். கழுத்து ரத்தக்குழாய் கிழிஞ்சு பக்கவாதம் வர்ற அபாயம் அதுல இருக்கு.

வண்ணாரப்பேட்டை நர்ஸ்:
இழுவைக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: சட்டைப் பொத்தான் போட முடியுதா? ஒரு பெரியவர், "வலி குறைஞ்சிடுச்சும்மா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றார். பொத்தான் போட்டு விடறது மருமகள். நடந்தா செருப்பு நழுவறது அவருக்கே தெரியல. அது நரம்பு வேர் இல்ல, தண்டுவடமே அழுந்துது. இழுவையும் வேணாம், உடற்பயிற்சியும் வேணாம். தள்ளிப்போடாம எம்ஆர்ஐ, சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி மாதிரி நரம்பு அறுவை சிகிச்சை இருக்கிற இடம். முன்கழுத்து வழியா எலும்புகளுக்கு நடுவுல இருக்கிற வட்டை (டிஸ்க்) எடுத்து எலும்பைச் சேர்ப்பாங்க. மேல கெடாம நிறுத்தத்தான் அது. போன பலம் முழுசா திரும்பும்னு நம்பிக் காத்திருக்காதீங்க. கை பலம் நாளுக்கு நாள் குறைஞ்சாலும், சிறுநீர் அடக்க முடியலைன்னாலும் இதே அவசரம்தான்.

காசிமேடு பிசியோ:
இடது கை வலியோட நெஞ்சு அடைச்சு வேர்த்தா கழுத்தை மறந்துடுங்க, முதல்ல ஈசிஜி.